கொழும்பில் யாரையும் தெரியாது, அக்கா

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பக்கம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆய்வு அனுபவம் இல்லாவிட்டால் மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். கொழும்பில் எனக்கு யாரையும் தெரியாது. எங்கே போய் இன்டர்ன்ஷிப் கேட்பது?
- மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, கொழும்பைப் பிறகு பார்ப்போம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

மூன்றாம் வருட லீவில் நான் கிளிநொச்சியில் ஒரு வயலில், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திப் பூச்சியை எண்ணினேன். அது இலையில் இராது. குனிந்து, தண்ணீருக்குச் சற்று மேலே பயிரின் அடியை விலக்கிப் பார்க்க வேண்டும். நெல்மணியை விடச் சின்னப் பூச்சி. வெள்ளைத் தட்டை அடியில் பிடித்துப் பயிரைத் தட்டினால் பொலபொலவென்று விழும். எண்ணி முடிப்பதற்குள் பாதி துள்ளிவிடும். ஒரு கிழமை கழித்துக் கொப்பியைப் புரட்டிய எங்கள் விரிவுரையாளர் மிஸ், "சிலந்தி எங்கே?" என்று கேட்டார். தட்டில் விழுந்த சிலந்திகளை நான் எழுதவேயில்லை! தத்தியைத் தின்பதே அவைதான். கண்டபடி மருந்து அடித்தால் அவையும் செத்துப்போகும், பிறகு தத்தி முன்னையிலும் கூடப் பெருகும். அந்தக் கிழமைக் கணக்கை விட்டுவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

இப்படி ஒரு மாதக் கணக்கு கையில் இருந்தால் உங்கள் விரிவுரையாளரிடம் தைரியமாகப் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். ஆய்வுகூட வேலைக்குக் கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனம், கடல் சார்ந்ததென்றால் நாரா என்கிற தேசிய நீர்வாழ் வள ஆய்வு நிறுவனம். மின்னஞ்சல் ஐந்தாறு வரி போதும்: என்ன எண்ணினீர்கள், என்ன புரியவில்லை, எந்த மாதம் லீவு. பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், வாசிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். தங்குமிடம், பஸ் காசு கிடைக்குமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வசதியில்லாத பிள்ளைகள் இதைக் கேட்காமலே ஒதுங்கிப்போவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

சுண்டிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி தேவை. வெளிநாடு என்றால், அமெரிக்காவில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கான ஆர்.ஈ.யு. என்ற கோடை ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் உரியது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம் எந்த நாட்டு மாணவரையும் எடுக்கும்.

சரி, இந்தக் காலபோகத்துக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கம் நிரம்பியதும் எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.