எறும்பு நிரையின் ஒழுங்கை எண்ணால் அளக்கலாமா?

கேள்வி: எங்கள் விறாந்தையில் அடுக்கியுள்ள நெல்மூட்டைகளை நோக்கிச் சிற்றெறும்புகள் நிரைகட்டிப் போகின்றன. தலைவர் இல்லாத கூட்டத்தில் ஒழுங்கு தானாகத் தோன்றுவதை எண்ணால் அளக்கலாம் என்கிறார்களே, எப்படி?
— வாசகி ஒருவர், மாங்குளம்

பதில்: ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் நீங்களே அளக்கலாம். நிரையின் குறுக்கே ஒரு செங்கல்லை வைத்து, அதை இடப்பக்கமாகச் சுற்றுவன எத்தனை, வலப்பக்கமாகச் சுற்றுவன எத்தனை என்று 100 எறும்புகளை எண்ணுங்கள். கல்மேல் ஏறுவனவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்த எறும்பு எப்பக்கம் போகும் என்பது எவ்வளவு நிச்சயமற்றதோ, அது போன பக்கம் தெரியவரும்போது நமக்கு அவ்வளவு தகவல் கிடைக்கிறது என்று கொண்டு, அதைக் கணக்கிடும் வழியை 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் வகுத்தார். எல்லாம் ஒரே பக்கம் போனால் தகவல் 0. இருபுறமும் ஐம்பது ஐம்பதாகப் பிரிந்தால் 1. ஆய்வாளர்களான கார்லோஸ் கெர்ஷென்சனும் நெல்சன் பெர்னாண்டஸும் 2012இல் வெளியிட்ட முறையில் இந்த எண்ணே ‘புதிதாய்த் தோன்றுதல்’ (emergence) என்பதன் அளவு. அதை 1இலிருந்து கழித்தால் வருவது தன்னொழுங்கு. இவ்விரண்டையும் பெருக்கி, மீண்டும் 4ஆல் பெருக்கினால் சிக்கல்தன்மை, அதாவது அவ்விரண்டும் எவ்வளவு சமமாகக் கலந்துள்ளன என்பதன் அளவு, கிடைக்கும். அரையை அரையால் பெருக்கினால் கால் என்பதால், உச்ச மதிப்பு 1 ஆக வரவேண்டும் என்றே 4ஆல் பெருக்குகிறார்கள்.

உங்கள் கொப்பியில் 89 இடம், 11 வலம் என்று இருந்தால் தகவல் ஏறக்குறைய அரை. சிக்கல்தன்மை உச்சத்தில் நிற்கும். எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்த இடம் இதுவே. 89 எறும்புகள் முன்சென்றவை பூசிய மணத்தடத்தைப் பிடித்து மூட்டைக்குப் போக, விலகிய 11உம் வேறு இரையைக் கண்டுபிடிக்கக்கூடும்; கூட்டம் பிழைக்க இரண்டும் வேண்டும். ஆனால் வெறும் தற்செயலான சிதறலுக்கே புதிதாய்த் தோன்றுதல் முழு மதிப்புப் பெறுவதால், அந்தப் பெயர் இந்த அளவீட்டுக்குப் பொருந்துகிறதா என்ற ஐயம் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே எறும்புகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, ஒவ்வொரு பத்திலும் பெரும்பான்மை எப்பக்கம் என்று மட்டும் குறித்தால், அநேகமாக எல்லாம் இடமென்றே வரும்; சிக்கல்தன்மையும் 0 ஆகிவிடும். ஆகவே எண்ணோடு, எதை அலகாகக் கொண்டு எண்ணினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். பின்பு ஈரத்துணியால் தடத்தைத் துடைத்துவிட்டு, எறும்புகள் மீண்டும் மணம் பூசிக்கொண்டு வரும்வரை கால்மணிக்கொரு தடவை எண்ணிப் பாருங்கள். தன்னொழுங்கு குலைந்து திரும்ப உருவாவதை அந்த எண்களிலேயே காணலாம்.