எந்தச் சுறா என்று கேட்டீர்களா?

கேள்வி: சுறா அழிகிறது, அழிகிறது என்கிறார்கள். எங்கள் மார்க்கெட்டில் வாரம் தவறாமல் வருகிறதே? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வருகிறது, சரி. எந்தச் சுறா என்று கேட்டீர்களா? உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. ஆழ்கடலில் 20 சென்டிமீட்டரே வளரும் குட்டையன் முதல், பஸ்ஸைவிட நீளமாக வளர்ந்தும் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் திமிங்கலச் சுறா வரை எல்லாமே சுறாதான். நாம் ‘சுறா கிலோ எவ்வளவு?’ என்று கேட்டு முடித்துக்கொள்கிறோம்.

சிக்கல் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. மத்தி ஆயிரக்கணக்கில் முட்டை போடும், சீக்கிரம் வளரும், ஒரு வருஷம் குறைந்தாலும் மீண்டு வர வாய்ப்புண்டு. நம் சுறாப்புட்டுக்குப் போகும் சின்ன பால்சுறாவோ கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுமந்து சில குட்டிகள்தான் போடுகிறது. பெரிய இனங்கள் பல, குட்டி போடும் பருவத்துக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷமாகும். (கிரீன்லாந்து சுறாவுக்குச் சுமார் 150 வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்தது இன்னும் வயதுக்கே வந்திருக்காது!) அதற்குள் வலையில் விழுந்துவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

சுத்தியல் மாதிரித் தலை உள்ள கொம்பன் சுறா கரையோர ஆழமில்லாத நீரில் குட்டி போடும். இழுவை மடி (விசைப்படகு இழுத்துப் போகும் வலை) அரிப்பதும் கரையோரத்தைத்தான். தலையை வெட்டிவிட்டால் கூடையில் அது கொம்பன் குட்டியா பால்சுறாவா என்று வாங்குபவருக்குத் தெரியாது, ‘குட்டிச்சுறா, புட்டுக்கு நல்லா இருக்கும்’ என்று விற்றுவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001 ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கைகளையும் பிடிக்கத் தடை போட்டு, மீனவர்கள் எதிர்த்ததும் டிசம்பரில் திமிங்கலச் சுறா, புதுச்சேரிச் சுறா, வேளா (ரம்பம் மாதிரி மூக்கு நீண்ட மீன்) என 10 இனங்களோடு சுருக்கினார்கள். 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை வந்தது. ஆனால் இங்கே துடுப்பு மட்டுமா விற்கிறது? கறியும் விற்கிறதே. மற்ற மீனுக்குப் போட்ட வலையில் சிக்கியதையும் யாரும் கடலில் திருப்பி விடுவதில்லை, வயிற்றுப் பிழைப்பு. ஏற்றுமதித் தடை இதைத் தொடவே இல்லை.

கேள்வி: பிள்ளை பெற்ற மருமகளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கலாமா? (வாசகி, காரைக்கால்)

பதில்: வேண்டாம் அம்மா. சுறா மற்ற மீன்களைத் தின்பதால் அவற்றின் பாதரசம் அதன் சதையில் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை அமெரிக்க உணவு மருந்துத் துறையே வைத்திருக்கிறது. மத்திக் குழம்பு வையுங்கள், விலையும் குறைவு.