ஆள் மாறினா அளவுகோலும் மாறுது: வாசகர் கேள்வி – பேராசிரியர் பதில்

சமூக உளவியல்ல ஆராய்ச்சியும் பாடமுமா எனக்கு 22 வருஷம் ஓடிடுச்சு. ஒருத்தர பாத்ததும் நாம என்ன முடிவுக்கு வர்றோம், அதுல அந்த ஆளோட பங்கு எவ்வளவு, அவங்க எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவங்கங்கறதோட பங்கு எவ்வளவு, அதே கண்ணால நம்மளையே பாத்துக்கும்போது என்ன ஆகுது, இதான் என் வேலை. இதைப் பத்தி வாசகர்கள் கேட்டதுல சிலதுக்கு இந்த இதழ்ல பதில் சொல்றேன்.

கேள்வி: மேடம், எங்க டீம்ல நான் ஒருத்திதான் பொண்ணு. சின்ன வேலைய முடிச்சா கூட மேனேஜர் எல்லார் முன்னாடியும் "சூப்பர், கலக்கிட்டீங்க"ன்னு பாராட்டுவார். ஆனா ரெண்டு வருஷமா பெரிய ப்ராஜெக்ட்டும் ப்ரொமோஷனும் பக்கத்து சீட்டுக்குதான் போகுது. வீட்ல சொன்னா, அவ்ளோ பாராட்டுறவர் உனக்கு எதிரா இருப்பாராங்கறாங்க. நான்தான் தப்பா நினைக்கிறேனா? – ஒரு ஐடி ஊழியர்

பதில்: உங்க மேனேஜர் மனசுல என்ன இருக்குன்னு இங்க உக்காந்துக்கிட்டு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா பாராட்டு ஒரு பக்கம், வாய்ப்பு இன்னொரு பக்கம்னு சொன்னீங்க பாருங்க, அது அப்படியே ஆராய்ச்சில பதிவான விஷயம், இந்தத் துறையில என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானதும் அதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மோனிகா பியர்நாட்னு ஒரு கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவங்களும் கூட வேலை பாத்தவங்களும் 1991ல ஒரு ஆராய்ச்சி பேப்பர் வெளியிட்டாங்க. ஆண்கள், பெண்கள் போட்டோவ காட்டி உயரத்த மதிப்பிடச் சொன்னாங்க. அடி, இஞ்ச் கணக்குல கேட்டப்போ எல்லாரும் எதிர்பார்த்தபடி ஆண்கள் தெளிவா உயரம். "குள்ளமா, உயரமா"ன்னு வார்த்தையால கேட்டப்போ அந்த வித்தியாசம் சுருங்கிப் போச்சு. ஏன்னா "நல்ல உயரம்"னு சொல்லும்போது நமக்கே தெரியாம பொண்ண பொண்ணுங்களோடயும் ஆண ஆண்களோடயும் வச்சு பாக்குறோம். 5 அடி 8 இஞ்ச்ல ஒரு பொண்ணு வந்தா "அடேயப்பா"ங்கறோம், அதே உயரத்துல ஒரு ஆம்பளை வந்தா ஒண்ணும் சொல்றதில்ல. இதுக்கு அவங்க வச்ச பேரு ஷிஃப்டிங் ஸ்டாண்டர்ட்ஸ், நம்ம வார்த்தையில நகரும் அளவுகோல்.

உயரத்துல இருக்கறவரைக்கும் இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. திறமைக்கு வரும்போதுதான் வலிக்குது. "சூப்பர்"ங்கற வார்த்தைக்கு அடியும் கிடையாது இஞ்சும் கிடையாது, "இந்த வேலையில ஒரு பொண்ணுக்கு இது சூப்பர்"னு மனசுக்குள்ள ஒரு பாதி இருந்து, வாயில மிச்ச பாதி மட்டும் வரலாம், சொல்றவருக்கே அந்த முதல் பாதி இருக்கறது தெரியாது. ஆனா ப்ரொமோஷன் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அங்க எல்லாரையும் ஒரே வரிசையில நிறுத்தியே ஆகணும், அப்போ பழைய எண்ணம் முழுசா வெளிய வந்துடும். 2002ல பியர்நாட்டும் தெரேசா வெஷியோவும் சேர்ந்து பண்ணின ஆய்வுல, கலந்துகொண்டவங்கள ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுற ஒரு சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம்) டீமுக்கு மேனேஜர் மாதிரி முடிவெடுக்கச் சொன்னாங்க. ஆள் எடுக்கறது, களத்துல எங்க நிறுத்தறதுன்னு வந்தப்போ ஆண்களுக்கு சாதகம். ஆனா சாதாரணமா ஒரு அடி அடிச்சா பாராட்டு அதிகம் கிடைச்சது பெண்களுக்கு! உங்க கதையும் இதுதானே?

இன்னொண்ணும் இருக்கு. 1997ல அவங்களும் டயான் கோப்ரினோவிச்சும் காட்டினது, தாழ்வா நினைக்கப்படுற கூட்டத்து ஆளுக்கு "பரவாயில்லையே, முயற்சி பண்ணலாம்"னு சொல்ற கோடு தாழ்வா இருக்குது, "இவங்களுக்கு நிஜமாவே திறமை இருக்கு"ன்னு ஒத்துக்கற கோடு உயரமா இருக்குது. ஷார்ட்லிஸ்ட்ல பேர் வரும், வேலை வராது. முதல் படியில கை குடுத்தவரே கடைசி படியில இன்னும் ஆதாரம் கேப்பார், ரெண்டு தடவையும் நியாயமாத்தான் நடந்துக்கறோம்னு மனசார நம்புவார்.

இதை நான் என்கிட்டயே பிடிச்சிருக்கேன். ஒரு வருஷம் ஏறக்குறைய ஒரே தரத்துல இருந்த ரெண்டு ஸ்டூடண்ட்ஸுக்கு ரெகமண்டேஷன் லெட்டர் எழுதிட்டு, அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல வச்சு படிச்சேன். பையனுக்கு "கூர்மையான அறிவு, சுயமா யோசிக்கிறவர்". பொண்ணுக்கு "கடும் உழைப்பாளி, பொறுப்பானவர்". அந்தப் பொண்ணுதான் அந்த ப்ராஜெக்ட்டோட மைய யோசனையே குடுத்தது, அது லெட்டர்ல எங்கயும் இல்ல. வருஷக்கணக்கா இதையே பாடமா நடத்தற என் கையிலதான் இது நடந்துச்சு, அன்னைக்கு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ரெண்டையும் கிழிச்சு போட்டுட்டு திரும்ப எழுதினேன். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வந்த 300க்கு மேற்பட்ட லெட்டர்கள ஆராய்ஞ்சு 2003ல வந்த ஒரு பேப்பர்லயும், பெண்களுக்கு எழுதினது சின்னதாவும், உழைப்ப பத்தின வார்த்தை அதிகமாவும் இருந்துச்சு.

நீங்க செய்யக்கூடியது, "சூப்பர்"ங்கறத அடி இஞ்சுக்கு மாத்தச் சொல்லி கேளுங்க. அடுத்த லெவலுக்கு என்னென்ன வேணும், அதுல எனக்கு எது இருக்கு எது இல்ல, போன தடவை போனவங்ககிட்ட என்ன இருந்துச்சுன்னு எழுத்துல கேளுங்க. எண்ணக்கூடிய விஷயமா பதில் வந்தா அளவுகோல் நகர்றது கஷ்டம்.

கேள்வி: ஸ்டீரியோடைப், அதாவது ஒரு கூட்டத்துக்கே மொத்தமா குத்தற முத்திரைனா, எல்லாமே பொய்யா? நெருப்பில்லாம புகையுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: சார், எல்லாம் பொய்னு நான் சொல்ல மாட்டேன். சில குழுக்களோட சராசரி பத்தி மக்கள் நினைக்கிறது ஓரளவு சரியா இருக்குன்னு லீ ஜஸ்ஸிம் மாதிரி உளவியல் ஆய்வாளர்கள் ஆதாரத்தோட வாதாடுறாங்க, அதை ஒதுக்கித் தள்ள முடியாது. அதே நேரம் 1933ல அமெரிக்காவோட பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல கேட்ஸும் பிரேலியும் 100 மாணவர்கள்கிட்ட 84 குணங்கள் இருக்கற பட்டியல குடுத்து பத்து இன, தேசத்து மக்களுக்கு எது எது பொருந்தும்னு கேட்டாங்க, அந்தப் பசங்க பலர் நேர்ல அதிகம் பழகாத மக்களைப் பத்தி கூட ஒரே மாதிரி பதில் சொன்னாங்க. பழகாமலே ஒத்துப்போன அபிப்பிராயம் எங்க இருந்து வந்துச்சு? கேள்விப்பட்டதுல இருந்துதான். நெருப்ப பாக்காமலே புகைய பத்தி பேசறது இது.

எனக்கு முக்கியமா படறது வேற. சராசரி சரியாவே இருக்கட்டும், எதிர்ல நிக்கிற ஆளப் பத்தின தகவல் கையிலயே இருக்கும்போது சராசரிக்கு அங்க என்ன வேலை? 2012ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு லேப் மேனேஜர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்த அனுப்பினாங்க, பாதி பேருக்கு ஆண் பேரு, பாதி பேருக்கு பெண் பேரு. ஒரு எழுத்து மாறல. ஆணுக்கு சொன்ன சம்பளம் சராசரி 30,238 டாலர், பொண்ணுக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் அதேதான் பண்ணினாங்க.

கேள்வி: நமக்குள்ள மறைஞ்சிருக்கற பாரபட்சத்த கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்கற டெஸ்ட் இருக்காமே, நம்பலாமா? – பொறியியல் மாணவர்

பதில்: நீங்க கேக்கறது 1998ல ஆண்டனி க்ரீன்வால்டும் மற்றவங்களும் வெளியிட்ட ஐஏடி, அதாவது இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட். எதையும் எதையும் சேர்த்து வகைப்படுத்த நம்ம கை எவ்ளோ வேகமா போகுதுன்னு பாக்கறது அது. அதைப் பரப்பினதுல பெரிய பங்கு செகந்திராபாத்ல பிறந்து ஹார்வர்ட் பேராசிரியரான மஹ்ஸரின் பனாஜிக்கு உண்டு. கூட்டத்து சராசரியப் பத்தி பேச அது உதவும். ஒரே ஆளு இன்னைக்கும் அடுத்த வாரமும் எடுத்தா ஸ்கோர் நல்லாவே மாறலாம், அதனால தனி ஆளுக்கு தீர்ப்பு எழுத அதை வச்சுக்காதீங்க தம்பி.

கேள்வி: என்னைப் பத்தி எனக்கு தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கு தெரியும்? ஆனா ஃப்ரண்ட்ஸ் சொல்றத கேட்டா வேற யாரையோ சொல்ற மாதிரி இருக்கு. – கல்லூரி மாணவி

பதில்: ரெண்டு பக்கமும் பாதி சரி. சிமின் வஸீர் 2010ல இதை நேரடியா சோதிச்சு பாத்தாங்க. பதட்டம், தன்மதிப்பு மாதிரி உள்ளுக்குள்ள ஓடறத நாமதான் நல்லா சொல்றோம், வெளிய பாக்குறவங்களுக்கு அது தெரியறதில்ல. புத்திசாலித்தனம், புதுசா யோசிக்கற திறமை மாதிரி நல்லது கெட்டதுன்னு மதிப்போட ஒட்டின விஷயத்துல நண்பர்கள் சொல்றது நாம சொல்றத விட உண்மைக்கு பக்கத்துல இருந்துச்சு. அந்த விஷயத்துல நம்மளப் பத்தி நாம நேர்மையா பாக்கறது அவ்ளோ கஷ்டம்.

முன்னாடி சொன்ன நகரும் அளவுகோல் இங்கயும் வருதும்மா. ஷெல்லி கொரல் 2001ல காட்டினது, ஒரே மாதிரி கணக்கு மார்க் வாங்கின பசங்கள்ல ஆண் பிள்ளைங்க தங்களோட கணக்குத் திறமைய அதிகமா மதிப்பிட்டாங்க. அப்படி மதிப்பிடறதுக்கும் அடுத்து என்ன படிக்கறதுங்கற முடிவுக்கும் தொடர்பு இருந்துச்சு. யாரும் வெளிய நிறுத்தல, அந்தப் பொண்ணு தானாவே கதவுப் பக்கம் போகாம திரும்பிடுறா. உங்க ஃப்ரண்ட்ஸ் சொல்ற அந்த "வேற யாரோ" உங்கள விட கெட்டிக்காரியா இருந்தா, தயவு செஞ்சு அவங்க சொல்றத ஒருதடவை நம்பிப் பாருங்க.

கேள்வி: எம்எஸ்சி சைக்காலஜி முடிக்கப் போறேன். ஸ்டீரியோடைப் பத்தி பிஎச்டி பண்ணணும்னு ரொம்ப ஆசை. ஆனா இந்தத் துறையில பாதி ஆய்வு திரும்ப பண்ணினா வரலைன்னு சொல்றாங்க. இதுல வாழ்க்கைய போடலாமா மேடம்?

பதில்: கேட்டதுக்கே சந்தோஷம். 2015ல 100 உளவியல் ஆய்வுகள திரும்ப பண்ணி பாத்தாங்க, மூல ஆய்வுகள்ல 97 சதவீதத்துல, தற்செயல்னு ஒதுக்க முடியாத முடிவு புள்ளியியல்படி வந்திருந்துச்சு, திரும்ப பண்ணினப்போ 36 சதவீதம்தான். சமூக உளவியல் பக்கம் அதைவிட மோசம். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2011ல, ஸ்டீரியோடைப் பத்தி பேர் வாங்கின ஒரு நெதர்லாந்து பேராசிரியர் டேட்டாவ உக்காந்து கற்பனையா எழுதினது வெளிய வந்துச்சு, 50க்கு மேல பேப்பர வாபஸ் வாங்கினாங்க. அவர் மாணவர்கள்ல சிலரோட பிஎச்டியே அந்த டேட்டா மேல நின்னுச்சு, எனக்கு அதுதான் இன்னமும் மனச அறுக்குது.

நாங்க உயிரா நினைச்ச விஷயமும் ஆட்டம் கண்டுச்சு. 1995ல ஸ்டீலும் ஆரன்சனும் சொன்னது ஸ்டீரியோடைப் த்ரெட், அதாவது "உன் கூட்டத்துக்கு இது வராது"ங்கற நினைப்பு தலைக்கு மேல தொங்கினா பரீட்சையில மார்க் குறையும்னு. உத்தரப் பிரதேச கிராமத்துல கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் பள்ளிப் பையன்கள வச்சு பண்ணின ஆய்வுல, சாதிய சொல்லாதவரைக்கும் எல்லாரும் புதிர் அவிழ்க்கறதுல சமமா இருந்தாங்க, சொன்னதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களோட மார்க் இறங்கிடுச்சு. நான் இதைப் பாடம் நடத்தும்போது குரல் கம்மும். ஆனா 2018ல நெதர்லாந்துல 2,000க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைங்க கிட்ட பொண்ணுங்க கணக்கு விஷயத்துல சோதிச்சப்போ அந்த விளைவு வரல. எங்க வருது, எங்க வரல, ஏன்ங்கறது இன்னும் முடியாத கேள்வி. முடியாத கேள்வி இருக்கற இடத்துக்குதான் ஆள் வேணும், அதனால வாங்கன்னு சொல்றேன்.

வர்றதா இருந்தா ரெண்டு மூணு விஷயம். புள்ளியியல பயந்து தள்ளிப் போடாதீங்க, அதுக்கான ஆர் (R) சாஃப்ட்வேர இப்பவே ஆரம்பிங்க, ஏன்னா நாள்ல பாதி நேரம் டேட்டாவோடதான் போகும், மிச்சம் எழுதறதுல, எத்திக்ஸ் கமிட்டி பதிலுக்கு காத்திருக்கறதுல, பேப்பர சரிபாக்கற ரிவ்யூவர் திருப்பி அனுப்பினத மறுபடி திருத்தறதுல. டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே என்ன எதிர்பாக்கறேன், எப்படி அலசுவேன்னு பதிவு பண்ணி வச்சுடுங்க, அப்புறம் மனசு தனக்கு வேண்டியத தேடிப் போகாது. பிஎச்டிக்கு கைடு தேர்ந்தெடுக்கும்போது அவர் பேர மட்டும் பாக்காம, "ரிசல்ட் வரலைன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. அவர்கிட்ட முன்னாடி படிச்சவங்க ரெண்டு பேர்கிட்டயாவது தனியா பேசுங்க. டேட்டாவ ஸ்டூடண்ட் கண்ணுல காட்டாத கைடு எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் வேண்டாம்.

ஊதியம் சுமாராத்தான் வரும், நிரந்தர வேலை கிடைக்க வருஷங்கள் ஆகும், அதை வீட்ல முன்கூட்டியே பேசிடுங்க. சேர்ந்தா எந்த கேள்விய எடுத்தீங்கன்னு எனக்கு எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கேன்.