பாரிஸ் ஏன் வேண்டாம் என்றது?

கேள்வி: பாரிஸ் நகரத்து வாடகை மின் ஸ்கூட்டர்களை மக்களே வாக்களித்து அகற்றிவிட்டதாகப் படித்தேன். புகை கக்காத வாகனத்தின் மீது ஏன் இத்தனை வெறுப்பு?
— வாசகர், திருச்சி

பதில்: நாம் உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டர் அல்ல அது, கைபேசிச் செயலியால் பூட்டைத் திறந்து, குறுகிய பலகையில் நின்றபடி ஓட்டுவது. 2018இல் அவை பாரிஸுக்கு வந்தபோது கட்டுப்பாடு ஏதும் இல்லாததால், நிறுவனங்கள் போட்டி போட்டு வண்டிகளை இறக்கின. ஓட்டியவர்களோ இறங்கிய இடத்திலேயே, பெரும்பாலும் நடைபாதையில், போட்டுவிட்டுப் போனார்கள். 2020இல் மாநகராட்சி லைம், டாட், டியர் என்ற மூன்று நிறுவனங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் 5,000 வண்டி என்ற வரம்புடன் உரிமம் கொடுத்தது. நிறுத்துமிடங்கள் ஒதுக்கப்பட்டன, நெரிசலான பகுதிகளில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராகத் தானாகவே குறையும் ஏற்பாடும் வந்தது. ஆனால் அதற்குள் நடந்து செல்வோரின் பொறுமை தீர்ந்திருந்தது. 2021 ஜூனில் சேன் ஆற்றங்கரையில் இருவர் ஏறிவந்த ஸ்கூட்டர் மோதி ஒரு பெண் உயிரிழந்தது அந்தக் கோபத்தை மேலும் வளர்த்தது.

2023 ஏப்ரல் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் 89 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே மொத்த வாக்காளரில் ஏறத்தாழ 7.5 விழுக்காடுதான் என்பதால், ‘மக்களே அகற்றினார்கள்’ என்பதைச் சற்று அடக்கியே சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் வாடகை வண்டிகள் இல்லை. சொந்த ஸ்கூட்டருக்குத் தடையில்லை என்பதால், வெறுப்பு வாகனத்தின் மீதல்ல, பொறுப்பின்றி அதை விட்டுச் செல்லும் முறையின் மீதுதான் என்பது என் கணிப்பு.

கேள்வி: சுற்றுச்சூழலுக்காவது அவற்றால் நன்மை உண்டா?
— வாசகி, கோவை

பதில்: அது எந்தப் பயணத்துக்கு மாற்றாக வருகிறது என்பதைப் பொறுத்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டபோது, இவ்வண்டிகளால் உண்டாகும் கரிம உமிழ்வில் ஏறத்தாழ பாதி அவற்றைத் தயாரிப்பதிலிருந்தும், மீதியில் பெரும்பங்கு அவற்றைச் சேகரித்து மின்னேற்ற அலையும் வாகனங்களிலிருந்தும் வருவதாகக் கண்டனர். கழற்றி மாற்றும் பேட்டரி வந்தபின் இரண்டாவது சுமை குறைந்திருக்கிறது. வண்டி நெடுநாள் உழைத்தால் முதலாவதும் குறையும். நடந்தோ மெட்ரோவிலோ போயிருக்க வேண்டியவர் இதில் ஏறினால் லாபமில்லை. ரயில் நிலையம் வரை காரில் போகிறவர் ஏறினால் லாபம் உண்டு. ஆகவே ஒரு நகரம் இதை அனுமதிப்பதானால், நிலைய வாசல்களில், நடைபாதையிலிருந்து பிடுங்காமல் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெட்டி எடுத்த இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு உரிமம் கொடுப்பதே முறை.