மிக்ஸி கப்ளரைப் பற்றிப் பேசிய பையன்

போன வாரம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு கொளத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பையன் பத்தாம் வகுப்பில் 500க்கு 338. வெளியூர் விடுதிப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு 25,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. அங்கே இரண்டு வருடம், அப்புறம் ஏதாவது ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்குக் கடன். இது பெரியப்பா போட்டுக்கொடுத்த திட்டம். அவருடைய மகள் சோழிங்கநல்லூரில் ஐடி வேலையில் இருக்கிறாள். "பணம் கட்டினதுலேர்ந்து சரியா சாப்பிட மாட்டேங்கிறான் சார்" என்று சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் ஆறுதலை விட்டுவிட்டேன். அந்தத் திட்டத்தை யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

வருகிற எல்லாரிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீங்க கத்துக்கிட்டதுல எது இன்னும் மறக்கல?" முதலில் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பா பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குச் சுண்டுவிரல் வலிக்க வலிக்க அடித்துப் பழகியதைச் சொன்னார். அம்மா தையல்காரர். யாருடைய பட்டு ஜாக்கெட்டின் கையையோ தப்பாக வெட்டிவிட்டு, சொந்தக் காசில் துணி வாங்கிக் கொடுத்த அன்றுதான் தனக்குக் கை வெட்ட வந்தது என்றார்.

பையனிடம் கேட்டேன். தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மிக்ஸி கப்ளர்" என்றான். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற பல் வைத்த சின்னத் துண்டு அது. அம்மாவின் மிக்ஸியில் மூன்று முறை உடைந்ததாம். மூன்று முறையும் பல் அடியோடு சேரும் அதே மூலையில். கடையில் விற்கிற இரண்டு வகையையும் வாங்கி, மூலை வளைவாக இருப்பது நாள்பட உழைக்கிறது, கூராக இருப்பது சீக்கிரம் போகிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். கால் மணி நேரம் பேசினான். அப்பாவுக்கு இதெல்லாம் அன்றுதான் தெரியும்.

எனக்கும் மறக்காமல் நிற்பது இப்படி நேரில் பார்த்து, கையால் செய்து கற்றதுதான். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் எங்களைப் பள்ளியில் ஒழுகுகிற குழாயடிக்குக் கூட்டிப்போனார். 200 மில்லி டம்ளர் நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். 144 லிட்டர். விகிதக் கணக்கு அதற்குப் பிறகு எனக்கு மறந்ததே இல்லை. இன்ஜினியரிங் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கருவிகளும் அச்சுகளும் செய்கிற ஒரு டூல் ரூமில் சேர்ந்தபோது, ஃபோர்மேன் இரண்டு வாரம் ஒரே இரும்புக் கட்டியை அரம் போட வைத்தார். செங்கோணம் சரிபார்க்கிற மூலமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரம். நாலு வருடம் தாளில் வரைந்த கோடுகளுக்கு அங்கேதான் அர்த்தம் தெரிந்தது.

அதனால்தான் இவர்களிடம் கிண்டி சிப்பெட்டைப் பற்றிச் சொன்னேன். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தர 1968இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே மூன்று ஆண்டு டிப்ளமோ படிப்புகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் ஒன்று, பிளாஸ்டிக் மோல்டு (பொருளை வார்க்கிற அச்சு) தொழில்நுட்பம் இன்னொன்று. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இவனுக்கு நான் சொல்வது மோல்டு படிப்பு.

உங்கள் வீட்டுக் குளியலறை மக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரு சின்ன முளை இருக்கும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாசல் அது. எஃகைக் குடைந்து செய்த மோல்டுக்குள் அதை அழுத்தத்தில் செலுத்தி, தண்ணீர் ஓட்டிக் குளிரவைத்து, ஊசிகளால் வெளியே தள்ளுகிறார்கள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் ஒன்றரை சதவீதம் சுருங்குகிறது என்றால், 50 மில்லிமீட்டர் பொருளுக்கு மோல்டைச் சுமார் 50.75க்கு வெட்ட வேண்டும். சுவர் சற்றே சரிவாக இல்லாவிட்டால் பொருள் சிக்கிக்கொள்ளும். ஓரிடத்தில் தடிமன் கூடினால் மேலே குழி விழும். மூலை கூராக இருந்தால் அங்கேதான் உடையும். பையன் சமையலறையில் தானாகக் கண்டுபிடித்தது இதைத்தான்! கார் உதிரிபாகம், சுவிட்ச், ஊசி சிரிஞ்ச், பாட்டில் மூடி என்று எதை எடுத்தாலும் பின்னால் ஒரு மோல்டு இருக்கிறது. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இந்த வேலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிற இடங்களைப் பார்க்கலாம்.

"டிப்ளமோன்னா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க சார்?" என்றார் அப்பா. விரல் விட்டு எண்ணச் சொன்னேன். பள்ளியில் இரண்டு, கல்லூரியில் நாலு, ஆக ஆறு வருடம். டிப்ளமோ மூன்று முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தால் மூன்று. அதுவும் ஆறுதான். நடுவில் வேலைக்குப் போகும் வழியும் திறந்திருக்கிறது. சுலபமான வழி என்று நான் சொல்லவில்லை. ஷிப்ட் இருக்கும், நின்றுகொண்டே வேலை, முதல் சில வருடச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்.

கடன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. அப்பாவின் சம்பளம் 24,000. பையனுக்குப் பிடிக்காத படிப்புக்காக அம்மாவின் நகையும் வில்லிவாக்கம் மனையும் போகக் கூடாது. பெரியப்பா நல்ல மனிதராகவே இருக்கட்டும், தவணையை அவர் கட்டப் போவதில்லை.

கிளம்புமுன் அப்பா முன்பணத்தைப் பற்றிக் கேட்டார். திங்கட்கிழமை போய் எழுத்தில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்றேன். தேர்வுத் தேதியையும் கட்டணத்தையும் கிண்டிக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும், பையனையும் கூட்டிப்போங்கள் என்றேன். பையன் பையிலிருந்து உடைந்த கப்ளரை எடுத்து, "இதையும் கொண்டு போகலாமா?" என்று அப்பாவிடம் கேட்டான். அவர் அதை வாங்கி, அந்த மூலையை முதல் தடவையாகத் தடவிப் பார்த்தார்.