கொரங்காடும் கேரளமும்

கேள்வி: அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து எல்கோ மாவட்டத்தில், மழை பொய்த்தால் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறதாமே? இலவசம் என்றாலே முகம் சுளிக்கும் நாட்டில் இது என்ன நியாயம்?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: காங்கேயத்துக்காரரா 'பண்ணை' என்று எழுதுவது? கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமரமும் வளரவிட்டு, மாட்டை அவிழ்த்துவிடும் நிலத்துக்கு உங்கள் ஊரிலேயே கொரங்காடு என்று பேர் இருக்கிறதே! எல்கோக்காரரிடம் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். கிளுவைக்குப் பதில் முள்கம்பி, வெள்வேலுக்குப் பதில் சேஜ் புதர். பண்ணை என்றால் எனக்குக் கோழிதான் ஞாபகம் வருகிறது. அகராதிக்காரர்களோடு இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். பணம் இருக்கிறது. கொட்டிலில் நிறுத்திக் கொழுக்கவைக்கும் மாட்டுக்கு இந்த வறட்சித் திட்டத்தில் ஒரு சென்ட் கிடையாது, மேயும் மாட்டுக்குத்தான். நிலம் குத்தகையாக இருக்கலாம். ஆனால் ரொக்கத்துக்கோ பங்குக்கோ பிடித்ததாக இருக்கவேண்டும். 'மாடு ஏறுகிற எடைக்கேற்பக் கூலி' என்று ஒப்பந்தம் பேசியவருடைய விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

அடுத்து, 'மாவட்டம்'. கலெக்டர் இல்லாத ஊருக்கு அந்தப் பேர் கொடுக்க மனசு வரவில்லை. கவுன்ட்டி என்றே இருக்கட்டும். எல்கோ கவுன்ட்டியின் பரப்பு 44,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கேரளம் 38,863தான். சூட்சுமம் இங்கேதான். வியாழக்கிழமைதோறும் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு வறட்சி வரைபடம் வெளியாகிறது. வறட்சி முற்ற முற்ற நிறம் மாறும்: டி0 மஞ்சள், டி2 ஆரஞ்சு, டி3 சிவப்பு, டி4 கருஞ்சிவப்பு. கவுன்ட்டியின் ஏதோ ஒரு மூலையில் சிவப்பு விழுந்தால் போதும், கவுன்ட்டி முழுக்க மூன்று மாதத் தொகை. சிவப்பு நாலு வாரம் நீடித்தாலோ கருஞ்சிவப்பு ஒரு தடவை தலைகாட்டினாலோ நாலு மாதம். கருஞ்சிவப்பே நாலு வாரம் இருந்தால் ஐந்து. ஆரஞ்சுக்கு 2014 சட்டம் தொடர்ந்து எட்டு வாரம் கேட்டது; 2025 சட்டம் நாலாக இறக்கிவிட்டது. எல்லாம் அந்தப் புல்லுக்கென்று குறித்த மேய்ச்சல் பருவத்துக்குள் நடக்கவேண்டும், அவ்வளவுதான். அதாவது கேரளமே ஒரு கவுன்ட்டி என்றால், வடகோடிக் காசர்கோட்டில் புல் கருகினால் தென்கோடிப் பாறசாலையில் காசோலை வரும், பாறசாலையில் முழங்கால் உயரப் புல் நின்றாலும். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் வேறு கவுன்ட்டி, வரைபடத்தில் மஞ்சள் என்றால், தரை மொட்டையாகக் கிடந்தாலும் ஒன்றும் இல்லை.

எவ்வளவு கிடைக்கும்? 300 பசு, மாதத்துக்குத் தலைக்கு 100 டாலர் தீவனம் என்று வைத்துக்கொண்டால் 30,000. ஆனால் அந்த நிலம் தாங்குவது 200 மாடுதான் என்று குறித்திருந்தால் 20,000. எது குறைவோ அதில் 60 சதவீதம், ஆக 12,000. நாலு மாதத்துக்கு 48,000. ஆளுக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலர். மந்தையைப் பெருக்கிக் காட்டினால் தொகை பெருகாது. நிலத்தின் கணக்கு வந்து தடுத்துவிடும்.

நியாயம் கேட்டீர்கள், மறக்கவில்லை. எல்கோவில் நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசுடையது. அதில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். ஆடானால் அதே காசுக்கு ஐந்து. இந்த 1.35-க்குக் கீழே கட்டணம் இறங்கக்கூடாது என்று 1986-ல் உத்தரவு போட்டவர் அன்றைய ஜனாதிபதி ரீகன். 'அரசாங்கத்திலிருந்து வருகிறேன், உதவி செய்ய வந்திருக்கிறேன்' என்பதைவிடப் பயங்கரமான பேச்சு இங்கிலீஷில் கிடையாது என்று அதே ஆண்டு சொன்னாரே, அதே ரீகன்தான். எல்கோவில் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.