சோயா தண்டுக்குப் பெரிய எஞ்சின் வேண்டுமா?

கேள்வி: நெல் அறுக்கும் எங்கள் கம்பைனை (14 அடி கட்டர்பார், அதாவது முன்னால் உள்ள வெட்டுச் சட்டம்; 101 எச்.பி.) கர்நாடகத்தின் பீதர் பக்கம் சோயாவுக்கு ஓட்டுகிறோம். கத்தி தண்டை இழுத்து இழுத்து வெட்டுகிறது, காயும் கொட்டுகிறது. கூடுதல் எச்.பி. வண்டி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தீவனப்புல் அறுக்கும் கட்டர்பாருக்கு மீட்டருக்கு 1.2 கிலோவாட் என்பது வழக்கமான கணக்கு. 14 அடிக்கு ஏறக்குறைய 7 எச்.பி. சோயாவுக்கு இரட்டிப்பாக வைத்தாலும் 14தான். எஞ்சினைத் தின்பது கதிரடிக்கும் டிரம்மும் வண்டியின் நடையும்.

தண்டு ஆடுவதுதான் உங்கள் நஷ்டம். மழுங்கிய பிளேடு வெட்டுமுன் தண்டைத் தள்ளும். வளைந்த தண்டு விடுபட்டு உதறும்போது காய்ந்த காய் வெடிக்கும். வெட்டும் சக்தி தண்டின் குறுக்குப் பரப்போடு ஏறுவதால், 6 மி.மீ. தண்டைவிட 9 மி.மீ. தண்டுக்கு இரண்டேகால் மடங்கு தேவைப்படும். அடித்தண்டில் தடிமனும் நாரும் அதிகம். அதற்காக உயர்த்தி வெட்டினால் அடிக்காய் வயலிலேயே தங்கிவிடும். 7 முதல் 10 செ.மீ. உயரத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். காய் முற்றியும் தண்டு பச்சையாக நிற்கும் வயலில் இழுவை இன்னும் கூடும்.

முதலில் கத்தியைப் பாருங்கள். பல் வெட்டிய பிளேடு போடுங்கள். வழவழப்பான விளிம்பில் தண்டு வழுக்கி முன்னே ஓடும். பிளேடு நுனிக்கும், அது ஓடும் கூர்முனை விரலின் (கார்டு) அடித்தகட்டுக்கும் இடைவெளி அரை மி.மீ.க்குள், பின்பக்கம் ஒன்றரைக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தண்டு அறுபடாமல் இடுக்கில் மடிந்து சிக்கும். விரல் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்திவிட்டு, கத்தியை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை இறக்குங்கள். கையால் ஓட்டிப் பார்க்கும்போது, வீச்சின் முடிவில் பிளேடின் நடு விரலின் நடுவோடு சேர வேண்டும்.

அடுத்தது வேகம். கத்தியை ஆட்டும் கிராங்க் நிமிடத்துக்கு 500 சுற்று, வீச்சு 76 மி.மீ. என்றால், மணிக்கு 4 கி.மீ.யில் வண்டி ஒரு வீச்சுக்கு 67 மி.மீ. நகரும், 6 கி.மீ.யில் 100 மி.மீ. நகரும். அப்போது கத்தி திரும்பி வருமுன் தண்டு சாய்ந்துவிடும். அறுத்த கட்டை ஏற்றத்தாழ்வாகவும் நார்நாராகவும் நின்றால் வேகத்தைக் குறையுங்கள், 4-5 போதும். பயிரைக் கத்திக்குத் தள்ளும் ரீல் வண்டியைவிடக் கால் பங்கு வேகமாகச் சுற்றினால் போதும். நெல்லுக்கு வைத்த அமைப்போடு அடித்தால் ரீலே காயை உடைத்துவிடும்.

உச்சி வெயிலில் காய் சொடசொடவென்று இருந்தால் நிறுத்திவிட்டு மாலையில் தொடருங்கள்.

சரிசெய்த பிறகு வயல் நடுவே வண்டியை நிறுத்திச் சற்றுப் பின்னே எடுங்கள். கத்தி கடந்த, ஆனால் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வரும் தூசி விழாத இடத்தில் ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் பயறை எண்ணுங்கள். நூறு பயறு 12 கிராம் என்றால், 60 பயறு ஏக்கருக்கு 29 கிலோ. அறுக்காத பயிருக்கடியில் ஏற்கெனவே உதிர்ந்ததையும் எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள்.